உலர்கொட்டகையின் உழைப்பு

கலிபோர்னியாவின் வடபகுதியில் ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி ஆகிய மூன்று மாவட்டங்கள் அடங்கிய மலைநிலம் 'மரகத முக்கோணம்' எனப்படுகிறது. அம்மாநில வாக்காளர்கள் 1996இல் கஞ்சாவின் மருத்துவப் பயன்பாட்டையும் 2016இல் பொதுப் பயன்பாட்டையும் ஏற்று வாக்களித்த பின்னர், 21 வயது நிறைந்தவர் வீட்டில் ஆறு கஞ்சாச் செடிகள் வரை வளர்ப்பது சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. ஆயினும் அறுவடைக்குப் பிந்திய நுட்பங்கள் பல, அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் இம்மலைநிலத்தில் மறைவாகப் பயிரிட்டவர்களின் கைகளிலேயே தேர்ச்சி பெற்றவை.

அறுத்த பெண்பூங்கதிரின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்பதால், அதை வெளியேற்றும் வேகமே சரக்கின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கிளைகளைத் தலைகீழாகக் கொடியில் தொங்கவிட்டு, இருட்டான கொட்டகையில், 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 60 விழுக்காட்டை ஒட்டிய காற்று ஈரப்பதத்திலும் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை உலரவிடுகின்றனர். அவசரப்பட்டுச் சூடேற்றினால் மேற்புறம் மொறுமொறுப்பாகி உள்ளீரம் தங்கிவிடும், மணம் தரும் எண்ணெய்களும் ஆவியாகிவிடும். கடலோர மூடுபனி சூழ்ந்த அக்டோபரில் உலர்தல் தாமதித்தாலோ சாம்பற்பூசணம் கதிரின் நடுவிலிருந்து அழுகலைப் பரப்பும். மெல்லிய காம்பு வளையாமல் 'சடக்'கென முறிவதே பதம்.

அடுத்தது முதிரவைத்தல்: உலர்ந்த பூக்களை மூடிய கண்ணாடிச் சாடியில் இட்டு, எஞ்சிய ஈரம் உள்ளும் புறமும் சமமாகப் பரவும்படி சில வாரங்கள் வைத்திருத்தல். முதல் வாரத்தில் நாள்தோறும் மூடியைத் திறந்து காற்று மாற்றுகின்றனர். பச்சைப்புல் வாடை தணிந்தால் வேலை செவ்வனே நடக்கிறது, அமோனியா நெடி எழுந்தால் ஈரம் மிகுந்து நுண்ணுயிர் பெருகிவிட்டது என்பது பொருள். சேமிப்பில் பெரும்பகை ஒளிதான் என்பதை 1976இல் வெளியான லண்டன் ஆய்வொன்று காட்டியது. பக்குவமாகப் பதப்படுத்திய சரக்கு, அறை வெப்பத்திலும் இருளில் வைத்தால், ஓரிரு ஆண்டுகள் பெரிதும் கெடுவதில்லை என்பதும் அதன் முடிவு.

இத்தனை கவனமும் பூவுக்கே வாய்த்தது. கத்தரிப்போர் எனப்படும் பருவகாலத் தொழிலாளர்கள், பல நாடுகளிலிருந்தும் வந்து, சிறு கத்தரிக்கோலால் இலைநுனிகளை நறுக்கி, பெரும்பாலும் பவுண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நாள்முழுதும் குனிந்திருந்தனர். பிசின் ஒட்டிய விரல்களையும் கத்தரியையும் எண்ணெயாலோ சாராயத்தாலோ அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. தொழில் மறைவானதாக இருந்தவரை எழுத்து ஒப்பந்தம் கிடையாது. கூலி மறுக்கப்பட்டாலும் பெண்கள்மீது அத்துமீறல் நடந்தாலும் முறையிட இடமில்லை. நுட்பத்தை மட்டும் போற்றி, அந்நுட்பத்தைக் காத்தவர்களைப் பேசாதுவிடும் எழுத்து அரைகுறையானதே.

சட்ட ஏற்பு வந்தபின்னும் ஓர் இடர் தொடர்கிறது. கொட்டகையின் காற்றைப் பூவின் தேவைக்கேற்பவே அடக்கி ஆள்வதால், நறுக்கும்போதும் அரைக்கும்போதும் எழும் நுண்தூள் அங்கேயே மிதந்து, சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் உண்டாக்குகிறது. 2022இல் மாசசூசெட்ஸ் ஆலையொன்றில் அரைத்த கஞ்சாத் தூளோடு பணியாற்றிய இளம்பெண் ஒருவர் ஆஸ்துமாவால் இறந்தார்; தூளைப் பிறக்குமிடத்திலேயே உறிஞ்சும் அமைப்பு, முறையான முகக்கவசம், மூச்சிரைப்பு தொடங்கிய உடனே மருத்துவச் சோதனை ஆகியவை பற்றிய பேச்சு அதன் பிறகே இத்தொழிலில் வலுப்பெற்றது.