எந்த ரோட்டுல ஓட்டுன கண்ணு?

ஒவ்வொரு விமானியிடமும் ஒரு நோட்டு இருக்கும். லாக் புக் என்பார்கள். எந்தத் தேதி, எந்த விமானம், எங்கிருந்து எங்கே, பகலா இரவா, பக்கத்தில் பயிற்றுநர் இருந்தாரா இல்லையா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. வேலை கேட்டுப் போகும் இடத்தில் உரிமத்தைப் பார்த்த கையோடு இந்த நோட்டைத்தான் புரட்டுவார்கள்.

நாமக்கல் பக்கத்துப் பெண் அவள். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் 200 மணி நேரம் பறந்து, கமர்ஷியல் பைலட் உரிமம் வாங்கி வந்திருந்தாள். அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலை வண்டியில் பல வருடம் ஓடியவர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வரிசை எண்ணோடு சொல்வார். மகளின் நோட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மணிக்கணக்கு சரி கண்ணு. எந்த ரோட்டுல ஓட்டுன? மலை ரோடு எவ்வளவு, ராத்திரி எவ்வளவு?"

அவள் சிரித்தாள். ஆனால், கேள்வி மிகச் சரியானது. நம் நாட்டு விதியே அப்படிப் பிரித்துத்தான் கேட்கிறது. 200 மணி நேரத்தில் 100 மணி நேரமாவது தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போனது 20 மணி நேரம். அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டியது 10 மணி நேரம். இரவில் 5 மணி நேரம், பத்துத் தடவை ஏறி, பத்துத் தடவை இறங்கி.

இது உரிமத்துக்கு. வேலைக்கு வேறு கணக்கு.

ஒற்றை இன்ஜின் செஸ்னாவில் எத்தனை மணி நேரம் பறந்திருந்தாலும், ஏர்லைன்ஸ்காரர்களின் கண் தேடுவது வேறு கட்டங்களை. இரட்டை இன்ஜினில் எவ்வளவு, டர்பைன் இன்ஜினில் எவ்வளவு, தாங்கள் ஓட்டும் அதே ரக விமானத்தில் எவ்வளவு, கடந்த ஆறு மாதத்தில் எவ்வளவு. கடைசிக் கேள்வி பலரை வீழ்த்திவிடும். உரிமம் வாங்கி இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்தவரின் நோட்டில் மணிக்கணக்கு குறையாது. மதிப்பு குறைந்துகொண்டே வரும்.

அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இன்னும் கடன் வாங்கி, ஏர்பஸ் 320 போன்ற ஒரு ரகத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பது ஒன்று. பயிற்சிப் பள்ளியிலேயே துணைப் பயிற்றுநராகச் சேர்ந்து, குறைந்த சம்பளத்தில் பறந்துகொண்டே இருப்பது மற்றொன்று. அப்பாவின் பணிக்கொடை, ஊரில் இருந்த ஒண்ணரை ஏக்கர், அதற்கு மேல் வங்கிக் கடன் என்று ஏற்கெனவே அரைக் கோடி ரூபாய் கரைந்திருந்தது. டைப் ரேட்டிங்குக்கு இன்னும் பல லட்சம் வேண்டும். "பைலட்டுக்குப் படிக்க வெச்சு, டீச்சர் வேலைக்கா அனுப்பப் போறீங்க?" என்று சித்தப்பா கேட்டார்.

அமெரிக்காவில் பிறந்திருந்தால் இந்தக் குழப்பமே இருந்திருக்காது. அங்கே 2013 முதல், துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். ராணுவ விமானிகளுக்கும், விமானவியல் பட்டம் படித்தவர்களுக்கும் சலுகை உண்டு. மற்ற இளைஞர்கள் பயிற்றுநராகவோ, விளம்பரப் பதாகையை வாலில் கட்டி இழுத்தோ, பாராசூட்காரர்களை மேலே ஏற்றிக் குதிக்க விட்டோ மணிகளைச் சேர்க்கிறார்கள். இந்தியாவிலோ 200 மணி நேரமும் டைப் ரேட்டிங்கும் இருந்தால் நேராக ஜெட்டின் வலது இருக்கைக்குப் போய்விடலாம். இங்கே 1,500 மணி நேரம் என்பது கேப்டன் ஆவதற்குத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு.

அமெரிக்க விதிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 அன்று, பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறிய பயணிகள் விமானம் வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்துவிட்டது என்று விமானம் எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக விமானி உயர்த்தினார். அதன் பிறகுதான் 1,500 மணி நேர விதி வந்தது. விசித்திரம் என்னவென்றால், அந்த இரண்டு விமானிகளுக்குமே ஏற்கெனவே 1,500-க்கு மேல் இருந்தது!

அதற்கு நான்கு வாரம் முன்புதான் நியூயார்க்கில் ஹட்சன் நதியில் ஒரு ஏர்பஸ் 320 இறங்கி, 155 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் சல்லன்பெர்கர் முன்னாள் போர் விமானி, கிளைடரும் ஓட்டியவர். துணை விமானியும் பல்லாயிரம் மணி நேரம் பறந்த மூத்தவர்தான். ஆனால், அந்த ரக விமானத்தில் அவருடைய அனுபவம் வெறும் 37 மணி நேரம். 'எங்கள் ரகத்தில் எவ்வளவு?' என்ற கட்டத்தை மட்டும் பார்க்கும் அதிகாரி அவரை என்ன செய்திருப்பாரோ!

அவள் பயிற்றுநர் வேலையைத்தான் எடுத்துக்கொண்டாள். விரும்பி எடுத்தாள் என்று சொல்ல முடியாது. கடன் அவ்வளவுதான் அனுமதித்தது. ஒரு வசதி இருந்தது. பயிற்றுநர் பறக்கும் நேரமெல்லாம் பொறுப்பு விமானியின் நேரமாகவே பதிவாகும்.

இன்னொன்று நோட்டில் பதிவாகாது. மாணவன் தரைக்கு மேலே ரொம்ப உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுகிறான்; விமானம் தொப்பென்று விழப்போகிறது. உடனே கட்டுப்பாட்டைப் பிடுங்கினால் அவன் கற்றுக்கொள்ள மாட்டான். பிடுங்காவிட்டால் சக்கரம் போய்விடும். எத்தனை நொடி பொறுக்கலாம்? இதை அவள் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை முடிவு செய்தாள்.

அந்த நாள்களில் வேறொரு வழியும் காட்டப்பட்டது. "இன்னும் கொஞ்சம்தானே குறையுது, எழுதிக்கோ. யார் எண்ணப் போறாங்க?" என்றார் தெரிந்தவர் ஒருவர். பறக்காமலே நோட்டில் ஏறும் நேரத்துக்கு விமானிகள் வட்டாரத்தில் ஒரு கிண்டல் பெயர் உண்டு: 'பி-51 நேரம்'. பி-51 என்பது இரண்டாம் உலகப் போரின் பெயர்பெற்ற போர் விமானம். இங்கே பார்க்கர் 51 பேனா! கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் கிண்டல் இல்லை. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் நம் நாட்டில் கைதானார்கள். பயிற்சிப் பள்ளிகளின் கணக்குகளையும் அதிகாரிகள் தோண்டினார்கள். அவள் எழுதவில்லை. குறைந்த மணிகளைச் சேர்க்க மேலும் ஒரு மழைக்காலம் காத்திருந்தாள்.

ஏர்லைன்ஸ் நேர்முகத்தில் நோட்டைப் புரட்டிய மூத்த கேப்டன், ஒரு வரியில் விரலை வைத்தார். வெளியூருக்குக் கிளம்பி, 40 நிமிடத்தில் திரும்பி வந்த பயணம். "ஏன்?" வழியில் மேகம் இறங்கிவிட்டது, மாணவனுக்குக் கருவிப் பயிற்சி இல்லை, திரும்பிவிட்டோம் என்றாள். நேர்முகத்தில் பாதி நேரம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

அந்த வரிக்கு எந்தக் கட்டத்திலும் தனி மதிப்பெண் கிடையாது. கனடாவில் 1983 ஜூலை 23 அன்று, கிலோவும் பவுண்டும் குழம்பிப்போய், 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்த போயிங் 767-ஐ நினைத்துப் பாருங்கள். இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. கேப்டன் பியர்சன் விடுமுறையில் கிளைடர் ஓட்டுபவர். அதே கிளைடர் உத்தியில் அவ்வளவு பெரிய விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். இறங்கிய இடம் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளம். துணை விமானி முன்பு அங்கே பணியாற்றியதால்தான் அந்த இடம் நினைவுக்கு வந்தது. 69 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

அவளுக்கு ஏடிஆர் விமானம் கிடைத்தது. சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களின் ஓடுதளங்களைப் பழக்கிவைத்த அந்த இறக்கை விசிறி விமானம்தான். அதுவும் டர்பைன் கணக்கில் சேரும். குட்டிக் குட்டிப் பயணங்கள். ஒரே நாளில் நான்கைந்து தடவை இறங்க வேண்டியிருக்கும். நீண்ட தூர ஜெட்டில் போகிறவருக்கு மணி வேகமாக ஏறும், தரையிறங்கும் வாய்ப்பு குறைவு. அப்பாவுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. "டவுன் பஸ் மாதிரி" என்றார். "கை நல்லாப் படியும்."

சித்தப்பாவின் கணக்கிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. விமான நிறுவனங்களில் எத்தனை மணி நேரம் என்பதைவிட, எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பது பல நேரங்களில் பெரிது. கேப்டன் பயிற்சிக்கு அழைப்பது, பெரிய விமானத்துக்கு மாற்றுவது எல்லாவற்றிலும் பணிமூப்பு குறுக்கே நிற்கும். அவளோடு உரிமம் வாங்கிய தோழி, கடன் வாங்கி டைப் ரேட்டிங் முடித்து, அதே நிறுவனத்தில் மூன்று வருடம் முன்னதாகவே சேர்ந்துவிட்டாள். செஸ்னாவில் மாணவர்களோடு கழிந்த ஆயிரம் மணி நேரம் அந்த மூன்று வருடத்தைத் திருப்பித் தராது.

தோழி அடுத்த மாதம் கேப்டன் பயிற்சிக்குப் போகிறாள். செய்தியைச் சொன்னபோது அப்பா கேட்டார், "அந்தப் புள்ளைக்கு இடது சீட்டா? உனக்கு எப்ப?"

"லிஸ்ட்ல பேர் வரணும்ப்பா."

அன்று அவளுக்கு நாலு தடவை ஏறி இறங்கும் வேலை. அதிகாலை நாலு மணிக்கு வண்டி வாசலுக்கு வரும். அலாரத்தை மூன்றுக்கு வைத்துவிட்டுப் படுத்தாள்.