ஒக்கலிபுரத்துப் பரண்

தாத்தா குடியாத்தத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வந்தது பின்னி மில்லில் தறி ஓட்டத்தான். 1884-இல் தொடங்கிய அந்த ஆலையும், ராஜா மில், மினர்வா மில் என்று அக்கம்பக்கத்தில் இருந்த மற்ற ஆலைகளும் சேர்ந்தே ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பகுதிகளைத் தமிழ்க் குடும்பங்களால் நிரப்பின. வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர் என்று சொந்த ஊரைச் சொன்னால் போதும். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் யாராவது ஓர் உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார்கள். ஆலைச் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். சங்கு ஊதினால் பாட்டி உலையை இறக்குவாள்.

தாத்தாவின் அந்த ஒக்கலிபுரத்து வீட்டைத்தான் இப்போது காலி செய்தோம். அண்ணன் குடும்பம் மெல்போர்னில் இருக்கிறது. அம்மாவும் அங்கே போகிறாள். நான் சென்னையிலிருந்து மூட்டை கட்டப் போனேன்.

வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புவது லாரியில் ஏற்றி மல்லேஸ்வரத்துக்கு மாறுவது மாதிரி இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் விதை, மண், பூச்சி அரித்த மரம் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அம்மி, குழவியைக்கூட மண் ஒட்டாமல் தேய்த்துக் கழுவினால்தான் அனுப்பலாம் என்றார் பெட்டி கட்ட வந்தவர். கொல்லைப்புறத்தில் அம்மா அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை. அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து அரைத்த அம்மி அது.

குத்துவிளக்கைப் பார்த்ததும் பெட்டி கட்ட வந்தவர் தயங்கினார். 1972-இல் வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, விளக்கு போன்ற கலைப்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பழசாகத் தெரிந்தால், இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். பாட்டி கல்யாணத்துக்கு வாங்கிய விளக்கு அது, அவ்வளவு வயதாகவில்லை. ஆனாலும் அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் பித்தளையையும் நாட்டின் சொத்து என்று நினைக்க ஒரு சட்டமாவது இருக்கிறதே.

பரணிலிருந்து இறங்கியவற்றுக்குத்தான் எந்தச் சட்டமும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் தாத்தாவின் மில் டோக்கன், சம்பளச் சீட்டுகள், தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், ஆலை வாசலில் வரிசையாக நின்று எடுத்த ஒரு குழுப்படம். படத்தில் எல்லோரும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்கள். தாத்தாவை மட்டும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்தாள். இவர் பக்கத்துச் சந்து நாயக்கர், இவர் ஹார்மோனியம் வாசிப்பார், இவருக்கு விரல் போனது தறியில். பாதி முகங்களுக்கு அவளாலும் பெயர் சொல்ல முடியவில்லை.

ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது. பின்னி மில் நிலத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. சங்கு நின்று பல காலம் ஆயிற்று. முதலாளிகளின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. தறி ஓட்டியவர்களின் வரலாறு இப்படிப் பரண்களில்தான் இருக்கிறது, அதையும் நாம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மெல்போர்னுக்கு அனுப்ப முடியாதவை இன்னும் இருந்தன. பிரண்டைத் தொட்டியை எதிர்வீட்டுக் கன்னட அஜ்ஜியிடம் கொடுத்தோம். சங்கராந்திக்கு அவர் வீட்டு எள்ளு பெல்லமும் எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும் தட்டு மாறாமல் போன வருஷம் கிடையாது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தன் சமையலறையில் உட்காரவைத்து, வாசலில் அவர் நின்றார். அதைப்பற்றி அவர் அப்புறம் ஒருநாளும் பேசியதில்லை. தொட்டியை வாங்கிக்கொண்டு, "தண்ணி நான் ஊத்தறேன், நீ போய்ட்டு வாம்மா" என்று தமிழிலேயே சொன்னார்.

பெட்டிகள் ஒயிட்ஃபீல்டு சரக்குப் பெட்டக நிலையத்துக்குப் போயின. அங்கிருந்து ரயிலில் சென்னைத் துறைமுகம், பிறகு கப்பல். அந்தத் தண்டவாளம் பங்காருப்பேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை தாண்டி, தாத்தா ரயிலேறிய குடியாத்தம் வழியாகத்தான் போகிறது.

டிரங்குப் பெட்டியை நான் சென்னைக்கு எடுத்துவந்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் திறந்து பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்து, படத்தின் பின்பக்கம் பெயர், ஊர், வேலை பார்த்த ஆலை எல்லாம் எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.