வெயிட் போடும் முன்

குக்கருக்கு வெயிட் போடும் முன் இன்றும் என் கண் ஒருமுறை பால்கனிப் பக்கம் போய்வரும். ஊர் வீட்டில் அம்மா திண்ணையை எட்டிப் பார்ப்பாள். அண்ணனை அங்கே உட்காரவைத்து, மடியில் காலித் தீப்பெட்டிகளைக் கொட்டிவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புவாள். ஒருநாள் மறந்துவிட்டாள். முதல் விசிலுக்கே அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டி அலறினான். தெருவே கூடிவிட்டது. "மந்திரிச்சுக் கயிறு கட்டுங்கோ" என்றாள் எதிர்வீட்டு மாமி.

எழுபதுகளின் கடைசி அது. டாக்டர் 'மூளை வளர்ச்சி குறைவு' என்று எழுதிக் கொடுத்தார். விசிலைப் பற்றி அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. தாள் மஞ்சள் பைக்குள் போயிற்று.

ஆட்டிசம் பற்றி மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் எழுதிய கட்டுரையை வெகுகாலம் கழித்துப் படித்தேன். பால்டிமோரில் அவர் பார்த்த 11 குழந்தைகளைப் பற்றியது. வாக்குவம் கிளீனர், லிஃப்ட், முட்டை அடிக்கும் கருவி என்று அந்தப் பிள்ளைகள் பயந்தவற்றை அவர் எழுதியிருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா சொன்னதை அண்ணன் பிறப்பதற்கு முன்பே ஒருவர் கேட்டு எழுதிவைத்திருக்கிறார்.

தொண்ணூறுகளின் இறுதியில் சென்னைக்கு அழைத்துப் போனோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994 கையேடு இந்த வகைக் குறைபாடுகளை ஐந்து பெயர்களாகப் பிரித்திருந்தது. பேச்சு தாமதமாகாதவர்களுக்கு ஆஸ்பெர்கர். எதிலும் முழுசாக அடங்காதவர்களுக்கு 'வேறு வகையில் குறிப்பிடப்படாதது' என்று முடியும் ஒரு நீளப் பெயர். அண்ணனுக்கு அதுதான் கிடைத்தது.

"குறிப்பிடப்படாததுன்னா என்னடி?" என்று பஸ்ஸில் அம்மா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பெர்கர் என்ற பெயரை 1981இல் ஆங்கில மருத்துவ உலகில் பரப்பிய மனநல மருத்துவர் லோர்னா விங், தானே ஆட்டிசம் உள்ள மகளின் தாய். இந்தப் பெயர்களுக்கு நடுவே சுவர் கிடையாது, ஒன்று மற்றொன்றில் கரைகிறது என்பதை அவர் விடாமல் சொன்னார். அதனால்தான் அவர் எழுத்தை நம்புகிறேன். அதே அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பில் சுவர்கள் விழுந்தன. எல்லாம் ஒரே நிறமாலை. எவ்வளவு துணை தேவை என்பதற்கு மூன்று நிலைகள். ஆஸ்பெர்கர் என்ற பெயரில் தங்களைக் கண்டுகொண்டவர்கள் பலர் அதை இழந்து வருந்தினார்கள். அது நியாயமான வருத்தம். எனக்கோ வேறொரு வரி முக்கியமாகப்பட்டது: ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் இனி ஓர் அடையாளம். 1994 அளவுகோலில் அது இல்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்ட ஆசைப்பட்டேன். அவள் போய்விட்டிருந்தாள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அண்ணனை நான்தான் அழைத்துப் போனேன். நம் நாட்டு அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. வராந்தாவில் காத்திருந்தபோது ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அதே சத்தத்துக்கு ஒரு சிறுமி எழுந்து போய், ஜெனரேட்டர் அறைச் சுவரில் கன்னத்தை வைத்து, அதிர்வு உடம்பெல்லாம் பரவச் சிரித்தாள். அவளுக்குப் பேச்சு இல்லை. அண்ணன் பேசுவான். மாலையில் இருவர் தாளிலும் 'மிதமானது' என்றே இருந்தது.

மஞ்சள் பையில் இப்போது மூன்று தாள்கள். அரிசி களையும் சத்தம் கேட்டாலே தீப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவனே பால்கனிக்குப் போய்விடுகிறான். கதவை மட்டும் நான் சாத்த வேண்டும்.