இல்லாததைச் சரிசெய்ய முடியாது

புது மடிக்கணினியில் தமிழ்99 விசைப்பலகை இல்லை. மொழிப் பட்டியலில் ‘தமிழ்’ இருந்தது. சேர்த்ததும் மெனுக்கள் தமிழுக்கு மாறின, எழுத்துருவும் கண்ணுக்கு இதமாக இருந்தது. தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை மட்டும்தான். வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன்.

“தமிழ் இன்ஸ்டால் ஆகியிருக்கே சார்” என்றார் அந்தப் பக்கம் பேசிய தம்பி. ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்டேட் போடுங்கள், மொழியை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் செய்தேன். மறுமுறை அழைத்தபோது பேசியவர் வேறொருவர். அவருக்குக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. தொலைவிலிருந்தே என் கணினியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, நான் ஏற்கெனவே செய்ததையெல்லாம் மெனக்கெட்டு மறுபடி செய்து பார்த்தார். கடைசியில், “ஃபேக்டரி ரீசெட் போட்டா வந்துரும் சார்” என்றார். கணினியில் உள்ள கோப்புகளையும் மென்பொருள்களையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் வேலை அது. மறுத்துவிட்டேன்.

மெனுவின் மொழி வேறு, எழுத்துரு வேறு, விசைப்பலகை அமைப்பு வேறு. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து விழ வேண்டும் என்று கணினிக்குச் சொல்வது மூன்றாவது. தயாரித்தவர்கள் அதை வைக்காமல் விட்டிருந்தால், எத்தனை ரீசெட் போட்டாலும் அது முளைக்காது. பேசிய இருவரும் பொறுமைசாலிகள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் கேள்விப் பட்டியல் பழுதுகளுக்காக எழுதப்பட்டது. தொடக்கத்திலிருந்தே இல்லாத ஒன்றைக் கேட்டு வருபவருக்கு அதில் இடமே கிடையாது.

இருக்கிற விசைப்பலகையில் எழுதிவிட்டுப் போகலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் உருப்பெற்று, அந்த ஆண்டிலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு தமிழ்99. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும், நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். க-வையும் இ-யையும் தட்டினால் கி. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று பள்ளியில் படித்த கணக்கு அப்படியே விசைகளில் ஓடுகிறது. இன்ஸ்கிரிப்டில் புள்ளியை நாமேதான் தட்ட வேண்டும். ஆ தனியாக வந்தால் ஷிஃப்டோடு, துணைக்காலாக வந்தால் ஷிஃப்ட் இல்லாமல். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த அமைப்பு அது. இந்தியும் தமிழும் மாற்றி மாற்றி எழுதுபவருக்கு அதில் பெரிய வசதி உண்டு. தமிழ் மட்டுமே எழுதுகிற எனக்கோ, விரல் எழுத்தைத் தேடத் தொடங்கியதும் மனத்தில் இருந்த வாக்கியம் கலைந்துபோகிறது. எழுதிப் பிழைப்பவருக்கு இது சின்ன இழப்பு அல்ல.

சேவை மையத்தில் அழைப்பை மேல்நிலைக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்திய பிறகு ஒரு பெண் பேசினார். தமிழ்99 என்று சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய அப்பா அதில்தான் எழுதுவாராம். “அந்த லேஅவுட் இதுல கொடுக்கலைங்க சார். ரீசெட் எல்லாம் போடாதீங்க, வெளியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கோங்க” என்றார். இலவசமாகக் கிடைக்கும் இ-கலப்பையை நிறுவினேன். அன்று மாலையே பாதியில் நின்ற கட்டுரையை எழுதி முடித்தேன். தன்னார்வலர்கள் ஊதியம் வாங்காமல் ஆக்கி வைத்தது விலை கொடுத்து வாங்கிய பொருளின் குறையை நிரப்புகிறது. அவர்களுக்கு நன்றி சொல்லும்போதே கோபமும் வருகிறது.

முதல் அழைப்பிலேயே “இதில் இல்லை” என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். விற்கும்போதும் ‘தமிழ் உண்டு’ என்பதோடு நிறுத்தாமல், எந்தெந்த விசைப்பலகை உண்டு என்று எழுத வேண்டும். அதைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறோம்.

புகார் தீர்க்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. தீரவில்லை, பழுதுப் புகாராக வைத்துக்கொள்ளாமல் தமிழ்99-ஐச் சேர்க்கக் கோரும் விண்ணப்பமாகப் பதிவுசெய்யுங்கள் என்று எழுதி, விசை வாரியாக எழுத்து அட்டவணையையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.