அரிவாள்மனையைத் தள்ளி வைத்த நாட்கள்

கீமோவுக்குத் தயாராவது என்றதும் எங்கள் வீட்டில் முதலில் பேசியது பணத்தைப் பற்றியும் முடியைப் பற்றியும்தான். அடையாறில் கேட்ட கேள்விகள் வேறு. சொத்தைப் பல் இருக்கிறதா, வெற்றிலை போடுவீர்களா, கையில் ஏன் இத்தனை கீறல்?

"மீன் அறுக்குற கை, வேற எப்படி இருக்கும்?" என்றாள் அம்மா. காசிமேட்டில் ஏலம் எடுத்து, தெருமுனையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து முப்பது வருஷம்.

அடையாறுக்குப் போனால் திரும்ப மாட்டார்கள் என்று எங்கள் பக்கம் இன்னும் ஒரு பேச்சு உண்டு. அநியாயமான பேச்சு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. நோய் முற்றிய பிறகு போனவர்களின் கணக்கையும் அதன் தலையிலேயே எழுதிவிட்டோம்.

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ தாக்குகிறது. புற்றும் அப்படிப் பெருகுவது, முடிவேரும் வாயின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் அப்படியே. மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். மற்ற நாளில் மஞ்சள் வைத்தால் ஆறிவிடும் முள்குத்து, அந்த வாரத்தில் உயிருக்கே உலை வைக்கலாம். ஆகவே மீன் அறுக்கக் கூடாது என்றார்கள்.

"மயிரு போனா போவுது. மனையை வுட்டா சோறு போவும்டி."

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் சின்னம்மா மனையில் உட்கார்ந்தாள். அம்மா நாலடி தள்ளி நாற்காலி போட்டு விலை மட்டும் பேசினாள்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. வெற்றிலையை விட்டதுதான் பெரும்பாடு. வாய்ப்புண் வராமலிருக்க வெந்நீரில் உப்பும் ஆப்ப சோடாவும் ஒரு சிட்டிகை போட்டுக் கொப்பளிப்பாள். நாள்காட்டிக்குப் பக்கத்தில் சுவரில் 100.4 என்று எழுதி வைத்தேன். காய்ச்சல் அதைத் தொட்டால் மாத்திரை போட்டு அமுக்காமல், எந்த நேரமானாலும் கிளம்ப வேண்டும். முதல் தவணையின் பத்தாம் நாள் ராத்திரி 101 காட்டியது. காலையில பாத்துக்கலாம் என்றாள் அம்மா. ஆட்டோ வரவழைத்துவிட்டேன். ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது.

மீன் கவிச்சி கட்டியை வளர்க்கும் என்றார்கள் தெருப் பெண்கள். ஆஸ்பத்திரியில் சொன்னது நேரெதிர். உடம்பு தேற புரதம் வேணும், புது மீனா வாங்கி நல்லா வேகவைச்சுக் குடுங்க. ஆனால் சிவப்பு மருந்து ஏறிய பிறகு மீன் வாடை பட்டாலே அம்மாவுக்குக் குமட்டியது. காசிமேட்டில் மீன் வாடையிலிருந்து எங்கே ஓடுவது? கதவை அடைத்துக்கொண்டு, ஆறிய தயிர்சாதமும் நன்றாக வெந்த முட்டையுமாகச் சமாளித்தோம்.

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் பிறந்தது. 61 நாள் லாஞ்சுகள் கட்டிக் கிடந்தன, ஃபைபர் படகுகள் மட்டும் போய்வந்தன. ஊரே கடன் வாங்கும் காலம், சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அம்மா மட்டும் நன்றாகத் தூங்கினாள். "இப்போ எல்லாரும்தான் சும்மா கீறாங்க" என்றாள்.

நாலாவது தவணை ஜூன் 2. தடை முடிந்து முதல் லாஞ்சுகள் சரக்கோடு திரும்பியபோது அவளுடைய அணுக்கள் இன்னும் ஏறியிருக்கவில்லை. சின்னம்மா ஏலத்துக்குப் போனாள். அம்மா வீட்டிலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "சங்கராவா? அந்த வெலைக்கு எடுக்காதே, செவுளத் தூக்கிப் பாரு!"