பட்டுக்கூடும் அறுந்த நரம்பும்

தர்மபுரி என்றால் வெளியூர் நண்பர்களுக்கு ஒகேனக்கல் தான் ஞாபகம் வரும். எனக்கு பட்டுக்கூடு அங்காடி. பாலக்கோடு பக்கமிருந்தெல்லாம் மூட்டை மூட்டையாக கூடு வந்து இறங்கும், ஏலம் போகும், கடைசியில் யாருடைய கல்யாணப் புடவையாகவோ ஆகும். அதே பட்டை வைத்து அறுந்த நரம்புக்குப் பாலம் போடப் பார்க்கிறார்கள் என்று படித்ததும் ஆச்சரியமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இன்று.

முதலில் நரம்பு பற்றி கொஞ்சம் (பயப்படாதீர்கள், கடைசியில் டெஸ்ட் எல்லாம் கிடையாது :-)). கை கால்களில் ஓடுகிறவை புற நரம்புகள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் பெரிதாக வாய்க்காத ஒரு குணம் இவற்றுக்கு உண்டு. அறுந்தால் திரும்ப வளரும். வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் அழிந்துவிடும். 1850-ல் தவளையின் நாக்கு நரம்பில் இதைக் கண்டு சொன்னவர் அகஸ்டஸ் வாலர். மேல்முனை துளிர்விட்டு, பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். வேகம் நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்.

இரண்டு முனையும் அருகருகே இருந்தால் தைத்துவிடலாம். நடுவில் ஒரு துண்டு நசுங்கிப் போயிருந்தால்? இழுத்துத் தைத்தால் தாங்காது. அதனால் கெண்டைக்காலின் பின்னால் ஓடும் ஒரு உணர்வு நரம்பை எடுத்து ஒட்டுப் போடுகிறார்கள். பதிலுக்கு பாதத்தின் வெளி ஓரம் மரத்துப் போகும். கைக்காகக் காலிடம் வாங்கும் கடன் அது.

இந்தக் கடன் வேண்டாம் என்று கிளம்பியதுதான் திசுப் பொறியியல். இரண்டு முனைக்கும் நடுவில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தால் நரம்பு அதற்குள் வழி தேடி வளரும். கொலாஜன் குழாய்கள் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் 3 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி போனால் வெறும் குழாயை நம்ப முடியாது.

இங்கேதான் பட்டு வருகிறது. பட்டு இழையின் உள்ளே ஃபைப்ராயின், வெளியே செரிசின் என்ற பசை. சோடா உப்பில் கொதிக்க வைத்துப் பசையை நீக்கினால், மிஞ்சுவதை உடம்பு பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது, மெதுவாகத்தான் கரையும். 2007-ல் சீனாவின் நான்டோங் பல்கலைக்கழகத்தினர் இதில் குழாய் செய்து எலியின் கால் நரம்பில் 10 மி.மீ. இடைவெளியைக் கடக்க வைத்தார்கள். 2011-ல் ஜெர்மனியின் ஹனோவரில் சிலந்திப் பட்டை ரத்தக்குழாய்க்குள் நிரப்பி, செம்மறி ஆட்டில் 6 செ.மீ. தாண்டினார்கள்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

என் மாமா ஒருவர் தொப்பூர் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் தூக்க வரவில்லை. "எலும்பு கூடிருச்சில்ல, நரம்பு தானா வரும்" என்று ஊரே சொன்னது. எண்ணெய் தேய்த்தார், காத்திருந்தார். ஒன்றரை வருடம் கழித்துப் பெரிய டாக்டரிடம் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான். "ஏன் இவ்வளவு லேட்?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். கழுத்தருகிலிருந்து விரல் வரை 70 செ.மீ. என்று வையுங்கள். நாளைக்கு 1 மி.மீ. என்றால் 700 நாள். நரம்பு வராத தசையோ ஒன்று, ஒன்றரை வருடத்தில் சுருங்கி நாராகிவிடும். ரயில் வரும்போது ஸ்டேஷனே இருக்காது! அதனால்தான் பக்கத்தில் நன்றாக இருக்கும் நரம்பிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, தசைக்கு அருகிலேயே இணைக்கிறார்கள். முழங்கையை மடக்க இப்படி ஒரு வழியை 1994-ல் சொன்னவர் பிரான்ஸின் ஒபர்லின். அதற்கும் தசை உயிரோடு இருக்க வேண்டும்.

நாளைக்குப் பட்டுக் குழாய் நம்மூர் ஆஸ்பத்திரிக்கே வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பட்டு இடைவெளியை நிரப்பும், போன மாதங்களை நிரப்பாது.

ஆகவே நண்பர்களே, அடிபட்ட பிறகு கை மரத்திருந்தாலோ தூக்க வராவிட்டாலோ, எலும்பு கூடட்டும் என்று உட்காராதீர்கள். "நரம்பு எப்படி இருக்கிறது?" என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். வெட்டுக்காயம் என்றால் உடனே போக வேண்டும். இழுபட்ட காயம் என்றால் அறுவை சிகிச்சைக்கு நல்ல காலம் 3 முதல் 6 மாதம் வரை. வீட்டில் பைக் ஓட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.