முண்டு

முழங்கையின் உட்புறத்தில், விலாவைப் பார்த்த பக்கம், எலும்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டை மடக்குகிற, உள்ளங்கையைக் கவிழ்க்கிற தசைகள் ஒரே தசைநாணாகத் திரண்டு அந்த முண்டில்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆறு மாதமாக என் பிரக்ஞையின் பெரும்பகுதி, கட்டைவிரல் அகலமேயுள்ள இந்த இடத்தில் குடியிருக்கிறது.

வைத்தியர்கள் இதற்கு இட்டிருக்கும் பெயர் கோல்ஃப் முழங்கை. கோல்ஃப் மைதானத்தை நான் ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. வெளிப்புற வலிக்கு டென்னிஸ் முழங்கை என்று பெயர். அதன் கதை எழுதுகிறவர்களுக்குச் சுவாரஸ்யமானது. 1873இல் ரூங்கெ என்ற ஜெர்மானிய வைத்தியர் அதை முதலில் விவரித்தது, எழுதுகிறவர்களின் கைப்பிடிப்பு பற்றிய கட்டுரையில். பத்தே வருஷத்தில், 1883இல், ஆங்கிலேய வைத்தியப் பத்திரிகையில் அது புல்தரை டென்னிஸின் சொத்தாகிவிட்டது. பேனா பிடித்தவனைவிட மட்டை பிடித்தவனிடம்தான் வைத்தியருக்குக் கொடுக்கப் பணம் இருந்தது போலும்.

என்னைப் பார்த்த டாக்டர் இளைஞர். முதல் கேள்வியே, "கடுக்குதா சார், இல்ல மரத்துப்போகுதா?" என்பதுதான். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் விஷயம் வேறு. அந்த முண்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓடுகிற நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். கடுத்தால் தசைநாண். வலி என்ற ஒற்றைச் சொல்லைக் குறியீடாக்கி நாம் எழுதிக் குவித்த கவிதைகளை வைத்துக்கொண்டு இவரால் ஒரு நோயைக்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பிறகு தொட்டார். (நம் விமர்சகர்கள் தாண்டிப்போகிற கட்டம் இது.) முண்டையும் அதற்குச் சற்றுக் கீழே முன்பக்கத்தையும் அழுத்தினார். கையை நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டை மடக்கச் சொல்லி எதிர்த்துப் பிடித்தார். கைகுலுக்குவதுபோலப் பிடித்துக்கொண்டு கவிழ்க்கச் சொன்னார். இரண்டு முறையும் வலி அதே இடத்தில் வந்தது. பள்ளத்தில் தட்டினார், விரலுக்கு மின்சாரம் பாயவில்லை. கழுத்தையும் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்ரே கேட்கவில்லை.

அழற்சி என்று பெயரில் இருந்தாலும் உள்ளே அழற்சி அனேகமாக இல்லையாம். அறுத்தெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது நார்கள் ஒழுங்கு குலைந்து, ஆறத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன ஒரு முயற்சியை. ஊசி போட்டால் சில வாரம் வலி அடங்கும், பிறகு திரும்பும் என்றார்.

"என்ன வேலை சார்?"

"எழுத்து."

அவர் நம்பவில்லை. "துணி பிழிவீங்களா?"

அம்மா படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம். மெஷினில் போடுமுன் அலசிப் பிழிந்தாக வேண்டிய போர்வைகள், நாளைக்கு மூன்று. மணிக்கட்டை மடக்கிக் கவிழ்த்து முறுக்குவது. அவர் செய்துபார்த்த இரண்டு சோதனைகளும் சேர்ந்ததுதான் அது. மூன்று மாதம் பிழியக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். யார் பிழிவது என்பது அந்தச் சீட்டில் இல்லை.

அம்மாவிடம் முழங்கையைக் காட்டினேன். அவள் கண்ணைத் திறக்காமலே விரலை வைத்தாள், சரியாக அந்த இடத்தில். "எனக்கு நாப்பது வருஷமா இருக்கு. குழாய்ல சுத்தி, எடது கையால முறுக்குடா" என்றாள்.